கையெழுத்துப் போடாதவர்கள்: ஊவாத் தோட்டங்களும் மலைச் சைக்கிள் போட்டி விதிகளும்

மலைச் சைக்கிளில் பல நாட்கள் ஓடும் நெடுந்தூரப் போட்டிகளில் கலந்துகொள்பவர்கள், புறப்படுவதற்கு முன்னர் ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். விழுந்தாலும், எலும்பு முறிந்தாலும், உயிரே போனாலும் ஏற்பாட்டாளர் மீது பொறுப்புச் சுமத்தமாட்டேன் என்பது அதன் சாரம். கூடவே ஒரு விதிக்கோவையும் கையில் கொடுக்கப்படும். தலைக்கவசம் இல்லாமல் சைக்கிளில் ஏறக்கூடாது. தண்ணீர், முதலுதவிப் பொருட்கள், விசில், கைத்தொலைபேசி ஆகியவை உடன் இருக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் குறித்த இடத்தைத் தாண்டாதவர் அன்றைய ஓட்டத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். விலகிப்போகிறவர் சொல்லாமல் போகக்கூடாது. காயப்பட்டுக் கிடக்கும் சக போட்டியாளரைக் கடந்து போகக்கூடாது. குப்பை போட்டால் தண்டனை.

இந்த விதிகள் மேசையில் இருந்து யோசித்து எழுதியவை அல்ல. பல நாட்டு மலைகளில் பலர் விழுந்து எழுந்த அனுபவம் அவற்றில் இருக்கிறது. எனக்கு அவற்றோடு சண்டை இல்லை. ஆனால், பதுளை மாவட்டத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் அவற்றைப் படிக்கும்போது, யாரைப் பற்றி அவை பேசவில்லை என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. போட்டி ஓடும் அதே பாதையில், அதே காலையில், கொழுந்துப் பையோடு மலைக்கு ஏறும் பெண் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடவில்லை. பாடசாலைக்கு நடந்து போகும் அவளுடைய பிள்ளையும் கையெழுத்திடவில்லை.

இதை இப்போது எழுத வேண்டிய தேவை இருக்கிறது. ஊவாவின் தோட்டப் பாதைகள் கடந்த பத்தாண்டுகளில் உல்லாசப் பயணச் சந்தையின் பொருளாக மாறியிருக்கின்றன. நேபாளத்தில் ‘யாக் அட்டாக்’ என்ற மலைச் சைக்கிள் போட்டியை உருவாக்கியவர்கள், ‘ரம்பிள் இன் த ஜங்கிள்’ என்ற பெயரில் இலங்கையின் மலைநாட்டிலும் நான்கு நாள் போட்டியை நடத்தினார்கள். அதன்பின் ஐரோப்பிய ஒன்றியத்தினதும் யுஎஸ்எய்ட்டினதும் நிதி உதவியுடன் ‘பெக்கோ ட்ரெயில்’ வந்தது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என்று ஊவாவைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பாதை அது; 22 பகுதிகள். வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்து ஏற்றவும் ஆள் நடக்கவும் வெட்டிய பாதைகளை இணைத்ததே அதன் அடிப்படை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்துச் சென்றது. மிகக் கடுமையாக அடிவாங்கிய மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அதன் பிறகு மலைநாட்டுக்கு மீண்டும் ஆட்களை வரவழைக்க வேண்டும் என்ற அவசரம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்த அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது எது என்பது நமக்குத் தெரியாததல்ல.

தியத்தலாவையில் நடந்தது

போட்டியொன்றில் சாவது எப்போதும் போட்டியாளர்தான் என்ற நினைப்பு இருந்தால், பதுளை மாவட்டத்திலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓடுபாதை. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த காரோட்டப் போட்டி. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலம், அனுமதி இலவசம், ஓர் இலட்சம் பேர் வரை கூடியிருந்ததாக அன்று செய்திகள் வந்தன. ஓடுபாதையில் ஒரு கார் கவிழ்ந்தது. பாதை உதவியாளர்கள் மஞ்சள் சைகை காட்டி மற்ற ஓட்டுநர்களை எச்சரித்துக்கொண்டிருந்தபோதே, இன்னொரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் எட்டு வயதுச் சிறுமி. நான்கு பேர் போட்டியின் உதவியாளர்கள்.

அந்தக் கணக்கை நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பதுண்டு. ஏழு பேரில் ஒருவர்கூட வாகனம் ஓட்டியவர் அல்ல. ஓட்டியவர்களுக்குத் தலைக்கவசம் இருந்தது, இருக்கைப் பட்டி இருந்தது, விதிக்கோவை இருந்தது. பாதையோரம் நின்றவர்களுக்கு இவை எதுவும் இல்லை.

காரையும் சைக்கிளையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். எடையிலும் வேகத்திலும் இரண்டும் ஒன்றல்ல. சைக்கிள் மோதி ஏழு பேர் சாகப்போவதில்லை. ஆனால் இரண்டு விடயங்களில் சைக்கிள் போட்டி நிலைமையை இன்னும் சிக்கலாக்குகிறது. ஃபொக்ஸ் ஹில் மூடப்பட்ட ஓடுபாதை. அங்கே போனவர்கள் போட்டி பார்க்கப் போனவர்கள். தோட்டப் பாதை திறந்த பாதை. அங்கே நிற்பவர் வேலைக்கோ, கடைக்கோ, கோயிலுக்கோ போகிறவர். அடுத்தது சத்தம். கார் அலறிக்கொண்டு வரும். சைக்கிள் சத்தமில்லாமல் வரும். போட்டிச் சைக்கிள்களில் பெரும்பாலும் மணியே இருப்பதில்லை, சில கிராம் எடை கூடிவிடும் என்பதற்காக. எங்கள் தோட்டத்துத் தபால்காரர் சைக்கிளில் பிரேக் இருந்ததோ இல்லையோ, மணி இருந்தது.

கொழுந்துப் பையைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு, குனிந்தபடி இறங்கி வரும் பெண்ணால் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது. மழைக்காலத்தில் தலையோடு சேர்த்துக் கட்டிய பொலித்தீனின் சலசலப்பில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. என் பெரியம்மா, சைக்கிள்காரர்கள் அவர்களுடைய மலைப்பக்கம் வந்து போன ஒரு நாளைப் பற்றி இப்படித்தான் சொன்னார்: “அவுங்க வந்தது தெரியாது தம்பி, போனதுதான் தெரிஞ்சிச்சு.” அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இறக்கத்தில் மணிக்கு முப்பது, நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஒருவர் உரசாமல் போனது அன்றைய அதிர்ஷ்டம்.

பாதை யாருடையது?

நெடுந்தூர மலைச் சைக்கிள் போட்டிகளின் விதிக்கோவைகளில் வழமையாக ஒரு வாசகம் இருக்கும்: பாதை போட்டிக்காக மூடப்படவில்லை, போட்டியாளர் வீதிச் சட்டத்தை மதிக்க வேண்டும், பொதுமக்களுக்கும் வாகனங்களுக்கும் கால்நடைகளுக்கும் வழிவிட வேண்டும். நல்ல வாசகம்தான். ஆனால் அது பொறுப்பு முழுவதையும் களைத்துப்போன போட்டியாளரின் தலையில் வைக்கிறது. நேரத்தோடு பந்தயம் ஓடுகிறவரிடம் வேகத்தைக் குறை என்று சொல்லிவிட்டு, வேகமாக வந்தவருக்குப் பரிசு கொடுக்கும் ஏற்பாடு அது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க உலகில் வழி இல்லாமல் இல்லை. மக்கள் நடமாடும் பகுதிகளை நேரக் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். அந்தப் பகுதியில் எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஓட்டத்தின் முடிவில் அது கணக்கில் வராது. கரடுமுரடான இறக்கங்களை மட்டும் நேரம் பிடித்து ஓடவிடும் எண்டியூரோ வகைப் போட்டிகள் இந்த முறையில்தான் நடக்கின்றன. பிள்ளை மடுவம், லயத்து முற்றம், கொழுந்து நிறுக்கும் இடம், பாடசாலை வாசல் என்று ஐந்தாறு துண்டுகளை நேரமில்லாப் பகுதியாக அறிவிப்பதற்குப் பெரிய செலவு கிடையாது.

சைக்கிள்காரர்கள் தேடி வரும் மிகச் சிறந்த பாதை, ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய ஒற்றையடிப் பாதை. அவர்கள் அதற்காகத்தான் கடல் தாண்டி வருகிறார்கள். எங்களுக்கு அது குறுக்குப் பாதை. தேயிலைத் தூர்களுக்கு நடுவே, கானைத் தாண்டி, கல்படிகளில் இறங்கி, டிஸ்பென்சரிக்கும் கடைக்கும் போகும் வழி. அதில் ஒதுங்க இடமில்லை. ஒருபக்கம் தேயிலை, மறுபக்கம் கான். சைக்கிள் வந்தால் ஒருவர் கானில் இறங்க வேண்டும். இறங்குவது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே பாதையைப் பகல் இரண்டு மணிநேரம் மூடிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டத்தில் நேரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். குறித்த கிலோ கொழுந்து பறிக்காதவருக்கு அன்று முழுப் பேர் விழாது; அரைப் பேர்தான். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. பாதை மூடப்பட்டதால் மலைக்குப் போகத் தாமதமானவரின் அரைப் பேருக்கு யார் பதில் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை நடத்தினாலும் பிரச்சினை முடிவதில்லை. அன்று கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாதையை மூடுவதென்றால், மூடிய நேரத்துக்கான கொழுந்தின் பெறுமதியை ஏற்பாட்டாளர் நிர்வாகத்தின் ஊடாகச் செலுத்த வேண்டும். வெளிநாட்டுப் போட்டியாளர் ஒருவர் செலுத்தும் நுழைவுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு தொகையே அல்ல.

அனுமதி கொடுப்பது யார் என்பது அடுத்த கேள்வி. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குப் போனதிலிருந்து, தோட்டப் பாதையில் யார் போகலாம் என்பதை நடைமுறையில் தீர்மானிப்பது துரைதான். காட்டுக்குள் போனால் வன இலாகா, ஹோர்ட்டன் சமவெளிக்குள் போனால் வனஜீவராசிகள் திணைக்களம், பிரதான வீதிக்கு வந்தால் பொலிஸ். லயத்தில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டிய இடம் எது? பிரதேச சபை என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்வதற்குத் தடையாக மூன்று தசாப்தங்கள் இருந்தது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. வாக்குக் கேட்க மட்டும் வந்துபோன சபை, போட்டிக்காரர்களிடம் எங்கள் சார்பில் நிபந்தனை போடும் அளவுக்கு வளர இன்னும் காலம் எடுக்கும். அதுவரை தோட்டத் தலைவர்மார், கிராம உத்தியோகத்தர், பாடசாலை அதிபர் ஆகியோரை ஒரே மேசையில் இருத்தி, பாதை வரைபடத்தைக் காட்டிப் பேசுவதை அனுமதிக்கான நிபந்தனையாக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். போட்டிக்கு முதல்நாள் காலைப் பெரட்டில் வாசிக்கப்படும் நான்கு வரி அறிவித்தல், முகநூலில் போடும் அழகான சுவரொட்டியைவிடப் பெறுமதியானது.

காயப்பட்டவரைத் தூக்குவது யார்?

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களை ஏற்றிவந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இருட்டில், செங்குத்தான சரிவில், முதலில் இறங்கியவர்களில் அந்தப் பகுதி மக்களும் இருந்தார்கள். 2021 மார்ச்சில் பசறையில் பஸ் விழுந்தபோதும் அப்படித்தான். ஊவாவின் பள்ளத்தாக்குகளில் எது விழுந்தாலும் தூக்குகிறவர்கள் பக்கத்தில் இருப்பவர்களே. மலைச் சைக்கிள்காரர் ஒருவர் நமுனுகுல சரிவிலோ மடுல்சீமைப் பக்கத்திலோ கானில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டால், போட்டி வைத்தியர் வந்து சேரும் முன் பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் வந்துவிடுவார்கள். நல்ல மனதோடு கை, காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். முதுகெலும்பு முறிந்தவரை அப்படித் தூக்கினால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

விதிக்கோவைகள் இந்த இடத்தில் மிகத் தெளிவானவை: குறைந்தது ஒரு வைத்தியர், ஒரு அம்புலன்ஸ், முதலுதவிக் குழு. சர்வதேசச் சைக்கிள் ஒன்றியத்தின் விதிகளும் இதைக் கேட்கின்றன. ஆனால் தோட்டத்தில் அம்புலன்ஸ் என்பது பாதை முடியும் இடம் வரைக்கும்தான். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வந்ததற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் மேல் கணக்கு லயத்திலிருந்து அது நிற்கும் தார் வீதி வரை நோயாளியைத் தோளிலோ கொழுந்து லொறியிலோதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பிரசவ வலியோடு லொறியில் போன பெண்களின் கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. போட்டி நடக்கும் நாளில் மட்டும் அதே மேல் கணக்கில் ஒரு அம்புலன்ஸ் நிற்கும். அன்று அந்த லயத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அது அவருக்குப் போகுமா? போனால் போட்டி நிற்க வேண்டும், ஏனென்றால் அம்புலன்ஸ் இல்லாமல் ஓட்டம் தொடரக்கூடாது என்பது விதி. போகாவிட்டால் அந்த லயத்து மக்கள் அதை எப்படி மறப்பார்கள்? இந்தக் கேள்விக்கு விடையை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதுதான் ஒழுங்கான ஏற்பாடு. இரண்டாவது அம்புலன்ஸ் ஒன்று என்பதே நேர்மையான விடை.

காயப்பட்ட சக போட்டியாளருக்காக நிற்பவருக்கு, அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பல போட்டிகளில் உண்டு. தென்னாபிரிக்காவின் கேப் எபிக் போட்டியில் இருவர் இருவராகத்தான் ஓட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் பிரிந்து போனால் தண்டனை. மலையில் யாரும் தனியாகக் கிடந்துவிடக்கூடாது என்பது அதன் பயன்களில் ஒன்று. இதே நியாயத்தைச் சற்று நீட்டினால் போதும். போட்டியாளர் மோதியோ மோதாமலோ பாதையில் விழுந்த தோட்டத்து மனிதருக்காக நிற்பவருக்கும் அதே நேரம் திருப்பிக் கொடுக்கப்படும், நிற்காமல் போனவர் நீக்கப்படுவார் என்று ஒரு வரி. அந்த வரி இருந்தால் என் பெரியம்மா முதன்முறையாக விதிக்கோவைக்குள் வந்துவிடுவார்.

கொடி பிடிக்கும் பையன்கள்

ஃபொக்ஸ் ஹில்லில் இறந்த நான்கு உதவியாளர்களை நினைக்கும்போது, போட்டிகளில் சந்திகளில் கொடியோடு நிறுத்தப்படும் தோட்டத்துப் பையன்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். ஒரு நாள் கூலி, ஒரு டீ-சேர்ட், ஒரு சாப்பாட்டுப் பார்சல். அவர்களுக்குச் சந்தோஷம்தான், கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய் லீவில் வந்தவனுக்கு அது ஒரு திருவிழா. ஆனால் போட்டியாளருக்குச் சொல்லப்படும் முதல் விதி, மார்ஷலின் கட்டளைக்குக் கீழ்ப்படி என்பது. அந்த மார்ஷல் எந்த மொழியில் கட்டளையிடுவார்? கவிழ்ந்து கிடக்கும் சைக்கிளுக்கு எவ்வளவு தூரம் முன்னால் நிற்க வேண்டும், வளைவின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சர்வதேச விதிகளில் ஆபத்துக் குறி மிக எளிமையானது: கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று என்றால் ஆபத்து இருக்கலாம், இரண்டு என்றால் ஆபத்து கூடியது, மூன்று என்றால் கடுமையான ஆபத்து. ஒரு பிற்பகலில் தமிழில் கற்பித்துவிடலாம். கற்பித்த பிறகு, அந்தப் பையன்களின் பெயர்களைப் போட்டிக் காப்புறுதியில் சேர்க்க வேண்டும். போட்டியாளருக்குக் காப்புறுதி கட்டாயம். பாதையில் நிற்கும் உதவியாளருக்கு அது கருணையாக இருக்க முடியாது.

கையெழுத்திட்ட பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்பாட்டாளர்கள் அதைக் கவசமாக நினைக்கிறார்கள். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், கவனயீனத்தால் வரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை ஒப்பந்த வாசகத்தால் கழற்றிவிட இடம் கொடுப்பதில்லை. கையெழுத்திட்டவருக்கே அந்த நிலை என்றால், கையெழுத்திடாத பாதசாரியை அந்தப் பத்திரம் எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது. கவனயீனத்துக்காக அவர் வழக்குப் போடலாம். போடலாம் என்பதற்கும் பதுளை நீதிமன்றத்துக்குப் பல வருடங்கள் தவணைக்குத் தவணை பஸ் ஏறி அலைவதற்கும் உள்ள தூரம் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் வழக்கில்லாமல் கிடைக்கும் இழப்பீட்டை மூன்றாம் தரப்புக் காப்புறுதியாக முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்கிறேன். அந்தக் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியொன்று தோட்டத் தலைவரிடமும் இருக்க வேண்டும்.

மலை முன்பு போல இல்லை

எல்லா விதிக்கோவைகளிலும் மிகவும் சோம்பலாக எழுதப்படுவது காலநிலை பற்றிய பகுதி. “ஏற்பாட்டாளர் தீர்மானிப்பார்” என்று முடித்துவிடுவார்கள். சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கிலோமீற்றர் மலையோட்டத்தில் 172 பேர் ஓடினார்கள். திடீரென வந்த ஆலங்கட்டி மழையிலும் குளிர்க்காற்றிலும் 21 பேர் இறந்தார்கள். காற்றுத் தடுக்கும் மேலங்கி அங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை, பரிந்துரைப் பட்டியலில்தான் இருந்தது. அன்று ஆறு ஓட்டக்காரர்களைக் காப்பாற்றியது, அவர்களைத் தன் குகைக்குள் கூட்டிப்போய்த் தீ மூட்டிக் கொடுத்த ஆடு மேய்ப்பவர் ஒருவர். அவரும் எந்த விதிக்கோவையிலும் இல்லாத மனிதர்.

பதுளை நகர் 680 மீட்டர் உயரத்தில் வெயிலில் கிடக்கும்போது, 1,400 மீட்டருக்கு மேலே அப்புத்தளை மூடுபனியில் இருக்கும். ஒரே நாளில் இரண்டையும் தொடும் போட்டியாளருக்கு மேலங்கி அலங்காரம் அல்ல. ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களில் இடிமின்னல் வரும். மரமில்லாத தேயிலைச் சரிவில் சைக்கிளோடு நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். குளவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடிகளில் உரசிக்கொண்டு போகும் சைக்கிள்காரர் கூட்டைக் கலைத்துவிட்டு அடுத்த வளைவில் மறைந்துவிடுவார். கொட்டு வாங்குவது பின்னால் கொழுந்து எடுப்பவர்கள். குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலைக்குப் போனவர்களின் செய்தி மலையகப் பத்திரிகைகளில் மாதம் தவறாமல் வரும் செய்தி. பாதையை முன்கூட்டிப் பார்ப்பவர்கள் கொழுந்துப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். நாய்களைப் பற்றி எச்சரிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். முதல் லயத்திலேயே தெரிந்துவிடும்.

மண்சரிவுதான் உண்மையான விடயம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல் இன்று யாரும் படிக்கக்கூடியது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, அதாவது வெளியேறு. போட்டி விதியில் இந்த எண்களை அப்படியே எழுதிவிடலாம். மஞ்சள் வந்தால் பாதை மாற்றப்படும். செம்மஞ்சள் வந்தால் அன்றைய ஓட்டம் இரத்து. பணம் திருப்பித் தரப்படாது என்பதைக் கையெழுத்திடும்போதே போட்டியாளர் ஏற்க வேண்டும். தீர்மானத்தை ஏற்பாட்டாளரின் மனநிலைக்கு விடாமல் மழைமானிக்கு விடுவது அவருக்கும் நல்லது. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய நூறு பேருக்கு முன்னால் நின்று “இன்று ஓட்டம் இல்லை” என்று சொல்வது லேசான காரியம் அல்ல. எண் சொல்லிவிட்டால் அவர் சொல்லத் தேவையில்லை.

டித்வாவுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சைக்கிள்காரர்கள் பாதையை ஜிபிஎஸ் கோப்பாக வைத்திருக்கிறார்கள். முன்பு ஓடியவர் இணையத்தில் ஏற்றியதை இப்போது வருகிறவர் இறக்கிக்கொள்கிறார். அந்தக் கோப்பில் உள்ள பாலம் இன்று இல்லாமல் இருக்கலாம். கோட்டுக்கு மேலே மலை பிளந்து நிற்கலாம். போட்டி நடக்காத நாட்களிலும் தனியாக, குழுவாக இந்தக் கோப்புகளை நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மார்ஷலும் இல்லை, வைத்தியரும் இல்லை. 2025 நவம்பருக்கு முந்திய எந்தப் பாதைப் பதிவையும், கால்நடையாக ஒருமுறை நடந்து பார்க்காமல் போட்டிப் பாதையாக அறிவிக்கக்கூடாது. நடந்து பார்ப்பவர்களோடு தோட்டத்து ஆள் ஒருவர் போக வேண்டும். எந்தச் சரிவில் மழைக்குப் பிறகு ஊற்று புதிதாகக் கிளம்பியிருக்கிறது, எந்தச் சுவரில் வெடிப்பு அகன்றிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த நடைக்குச் சம்பளம் உண்டு.

இவ்வளவும் சொன்னதால் போட்டி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சைக்கிள்காரர்கள் வந்து போன நாளில் கடைகளில் ரொட்டி மிச்சமில்லை. தங்குமிடம் வைத்திருப்பவர்கள் சம்பாதித்தார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தச் சைக்கிள்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார்கள். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு ஒரு சைக்கிள் என்று வைத்தால், 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாப்படி 370 நாள் சம்பளம். ஒரு ரூபாகூடச் செலவழிக்காமல். இந்த மலைகளில் பாரத்தோடு ஏறி இறங்கிப் பழகிய கால்கள் அந்தப் போட்டிகளின் ஆரம்பக் கோட்டில் இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்து, பாதை போகும் தோட்டங்களிலிருந்து நான்கு இளைஞர்களுக்குச் சைக்கிளும் பயிற்சியும் இடமும் கொடுக்கும் ஏற்பாட்டாளர் யாராவது வந்தால், பெரட்டில் அவருடைய அறிவித்தலை வாசிக்க நானே போவேன்.

அடுத்த போட்டிக்கான பாதை எங்காவது ஒரு மடிக்கணினியில் இப்போது வரையப்பட்டுக்கொண்டிருக்கலாம். வரைபவருக்கு மேலிருந்து பார்க்கும் செய்மதிப் படத்தில் பச்சை மட்டும் தெரியும். அதற்குள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது லயத்துத் தகரக் கூரைகள். அவற்றுக்கு நடுவே போகும் மெல்லிய கோட்டைத் தெரிவுசெய்யும் முன், காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் அங்கே யார் நடக்கிறார்கள் என்று அவர் தோட்டத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்கட்டும்.